ஒரிஜினல் டிஸ்ப்ளே மாட்டியும் போன் ஏற்கவில்லை: கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

போன், லேப்டாப் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கடையில் அவரும் தம்பியும் மட்டும். எந்தக் கம்பெனியின் அங்கீகாரமும் கிடையாது. ஒரு வாடிக்கையாளர், வாரண்டி முடியாத போனை டிஸ்ப்ளே உடைந்த நிலையில் கொண்டுவந்திருக்கிறார். புது டிஸ்ப்ளே கேட்டதற்கு, "அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் தருவோம்" என்று கம்பெனி சொல்லிவிட்டது. எனவே மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய மின்சுற்றுப் பலகை) செத்துப்போன அதே மாடல் போன் ஒன்றிலிருந்து டிஸ்ப்ளேயைக் கழற்றி, "ஒரிஜினல்தான்" என்று சொல்லி மாட்டினார். படம் தெளிவு, தொடுதிரையும் வேலை செய்தது. ஆனால் "தெரியாத பாகம்" என்ற அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வெளிச்சம் தானாகக் கூடிக் குறையும் வசதியும் நின்றுபோனது. இரண்டு மாதம் கழித்து போனில் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில், "வெளியே திறந்திருக்கிறார்கள், வாரண்டி போச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வாடிக்கையாளர், "டூப்ளிகேட் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள், டிஸ்ப்ளே பணமும் வேண்டும், புதுப் போன் விலையும் வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் எழுதுவேன்" என்று நிற்கிறார்.

வாசகர் கேட்பது: "மேடம், பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் வந்துவிட்டதே, கம்பெனி எப்படிப் பாகம் தராமல் இருக்கலாம்? வழக்குப் போட்டால் ஜெயிப்பேனா? அந்த அறிவிப்பை நீக்கும் மென்பொருள் ஒருவரிடம் இருக்கிறது, வாங்கலாமா? கடை போர்டில் கம்பெனி லோகோ இருக்கிறது, அதுவும் தப்பா? டிஸ்ப்ளேக்கும் சார்ஜுக்கும் சம்பந்தமே இல்லையே, இவருக்கு நான் பணம் கொடுத்தே ஆகவேண்டுமா?"

இனி என் பதில்.

எல்லாவற்றையும் விரிவாக எழுதிய நீங்கள், எந்த நாட்டில் கடை வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. உங்கள் முதல் கேள்விக்கான பதில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே இருந்தாலும் பொருந்தும் ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறப்பதற்கும், கழற்றுவதற்கும், தனக்குப் பிடித்த ஆளிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வதற்கும் உரிமையாளருக்குச் சுதந்திரம் உண்டு. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பொருளை விற்ற பிறகு விற்றவரின் பிடி தளர்ந்துவிடும் என்பது பழைய சட்டக் கொள்கை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் பிரிண்டர் டோனர் வழக்கில் இதைத்தான் சொன்னது: விற்றுவிட்ட டோனர் கூட்டை மற்றவர்கள் மறுபடி நிரப்பி விற்பதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது. ஆக, அங்கீகாரம் இல்லாமல் போனைத் திறந்தது குற்றமோ என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. அது குற்றமில்லை.

"எனக்குப் பாகம் கொடு, கையேடு கொடு, மென்பொருள் கொடு" என்று கம்பெனியிடம் கேட்பது இன்னொரு விஷயம். தான் விரும்பாதவருக்குப் பொருள் விற்காமல் இருக்கும் உரிமை எந்த வியாபாரிக்கும் உண்டு. கம்பெனியின் அந்த உரிமையை வெட்டிக் குறைக்க ஒரு சட்டம் இருந்தால்தான் நீங்கள் கேட்க முடியும். செய்தித் தலைப்புகளில் "சட்டம் வந்துவிட்டது" என்று படிப்பதெல்லாம் இந்த இரண்டாவது வகை. அது எல்லா நாட்டிலும் வரவில்லை, வந்த இடத்திலும் எல்லாப் பொருளுக்கும் வரவில்லை.

பாகம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா?

நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எந்த நாடு, என்ன பொருள், எப்போது தயாரானது, கேட்பவர் யார்.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் சட்டம் 2023 ஜூலை 1க்குப் பிறகு தயாராகி விற்பனைக்கு வந்த சாதனங்களுக்குத்தான். கலிபோர்னியா சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தாலும் 2021 ஜூலையிலிருந்து வந்த சாதனங்களையும் சேர்த்துக்கொள்கிறது; 100 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள பொருள் என்றால், அந்த மாடலின் உற்பத்தி நின்று 7 வருடம் வரை பாகங்கள் கிடைக்க வேண்டும். ஒரே போன், ஒரு மாநிலத்தில் உரிமை உண்டு, பக்கத்து மாநிலத்தில் இல்லை என்கிற நிலைமை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்மார்ட்போன், டேப்லட்டுகளுக்கான விதிகள் 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கின்றன. பேட்டரி, டிஸ்ப்ளே போன்ற முக்கியப் பாகங்களை, அந்த மாடல் சந்தையிலிருந்து விலகி 7 வருடம் வரை தர வேண்டும். பழுதுபார்ப்பவர்களும் கேட்கலாம். ஆனால் ஒன்று: தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் என்று பதிவு செய்ய வருபவரிடம், தொழில் தெரியும் என்பதற்கான ஆதாரத்தையும் பொறுப்புக் காப்பீட்டையும் கம்பெனி கேட்கலாம். கடைக்குக் காப்பீடு எடுக்காமல் "எனக்கு உரிமை உண்டு" என்று வாதாடினால் அங்கேயே நின்றுவிடும். பிரிட்டனில் 2021இல் வந்த விதிகள் வாஷிங் மெஷின், பிரிட்ஜ், டிவி வகைகளுக்கு. போன் அதில் இல்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா நுகர்வோர் சட்டங்களில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு பல காலமாகவே இருக்கிறது. விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் பாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்க உற்பத்தியாளர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அது. "பழுதுபார்க்கும் உரிமை" என்ற பெயரில் தேடினால் கண்ணில் படாது. அதைக் கையில் எடுக்க வேண்டியவர் பொருளை வாங்கிய உங்கள் வாடிக்கையாளர். கடைக்காரரான உங்களுக்காக எழுதப்பட்ட பிரிவு இல்லை அது.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் தங்கள் கையேடு, சர்வீஸ் விவரங்களை அதில் தர முன்வர வேண்டும் என்பது ஏற்பாடு. அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் "பாகம் கொடு" என்று உத்தரவு வாங்க முடியாது. அங்கே உண்மையான பலம் போட்டிச் சட்டத்திலும் (பெரிய கம்பெனிகள் சந்தையில் போட்டியை முடக்காமல் தடுக்கும் சட்டம்) 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் இருக்கும் இடத்திலும் "தர வேண்டும்" என்றால் மலிவாகத் தர வேண்டும் என்று பொருளில்லை. நியாயமான நிபந்தனைகளில், நியாயமான விலையில் என்றுதான் எழுதியிருக்கும். எது நியாயம் என்பதில்தான் சண்டையே. நியூயார்க்கில், பாதுகாப்புக் காரணம் சொல்லித் தனிப் பாகத்துக்குப் பதிலாகப் பல பாகங்கள் சேர்ந்த தொகுப்பாகக் கொடுக்கவும் கம்பெனிக்கு வழி இருக்கிறது. தொகுப்பாக வாங்கிப் போட்டுக் கொடுத்தால் உங்கள் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த "தெரியாத பாகம்" அறிவிப்பு

நீங்கள் மாட்டியது ஒரிஜினல்தான். அதே தொழிற்சாலையில் செய்ததுதான். ஆனால் அந்த டிஸ்ப்ளேயின் வரிசை எண் வேறொரு மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கிறது. போன் இயங்கத் தொடங்கும்போது எண்ணைச் சரிபார்க்கிறது, பொருந்தவில்லை என்றால் அறிவிப்பு காட்டுகிறது, சில வசதிகளை அணைத்துவிடுகிறது. புதிதாக ஜோடி சேர்க்கும் மென்பொருள் கம்பெனியின் கையில்.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கைரேகை உணரியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பூட்டுக்கு அர்த்தமில்லை. திருட்டுப் போன்களைப் பிரித்துப் பாகமாக விற்பதும் நடக்கிறது. ஆனால் வெளிச்சம் கூடிக் குறைவதை அணைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எனக்கு இதுவரை யாரும் திருப்தியாக விளக்கவில்லை. இது என் கருத்து. சட்டமன்றங்களும் அந்தப் பக்கம் நகர்கின்றன. அமெரிக்காவில் முதலில் ஓரிகன் மாநிலம், 2025 ஜனவரி 1க்குப் பிறகு தயாராகும் சாதனங்களில் இப்படி ஜோடி சேர்த்து மற்ற பாகங்களின் செயல்பாட்டைக் குறைப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த உத்தரவு இன்னும் நேரடியானது: பழைய ஒரிஜினல் பாகம், மற்றவர்கள் செய்த பொருத்தமான பாகம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதை மென்பொருளாலோ வன்பொருளாலோ தடுக்கக் கூடாது, வேறொருவர் முன்பு பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுக்கவும் கூடாது. உறுப்பு நாடுகள் இதை 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும். அறிவுசார் சொத்துப் பாதுகாப்பு போன்ற நியாயமான காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு என்ற ஒரு கதவும் அதில் திறந்திருக்கிறது. கம்பெனி வக்கீல்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள்.

கழற்றிய போன் எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. விற்றவரின் ரசீதும், அந்தப் போனின் ஐ.எம்.இ.ஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் முதல் ஆபத்து கம்பெனியிடமிருந்து வராது, காவல் நிலையத்திலிருந்து வரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பொதுவாக எங்கேயும் குற்றம். இனிமேல் ரசீது இல்லாமல் ஒரு செத்த போனைக்கூட வாங்காதீர்கள்.

மென்பொருள் விஷயத்துக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருள் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்குப் பட்டியல் போடுகிறார்கள். பழுதுபார்ப்பதற்காகப் பூட்டைத் திறப்பது பல சாதனங்களுக்கு அதில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. (2024இல் கடைகளில் இருக்கும் வணிக உணவுத் தயாரிப்பு இயந்திரங்களும் பட்டியலில் சேர்ந்தன, அடிக்கடி நின்றுபோகும் ஐஸ்கிரீம் இயந்திரங்களால் வந்த வினை.) ஆனால் திறக்கும் கருவியை விற்பதற்கு அந்த விதிவிலக்கு இடம் தரவில்லை. கனடாவும் 2024 நவம்பரில், பழுதுபார்ப்பதற்காகப் பூட்டைத் திறப்பதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த இடங்களில்கூட, யாரோ ஒருவர் பென் டிரைவில் போட்டு விற்கும் மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளரின் வங்கிச் செயலி இருக்கும் போனில் அதை ஓட்டப் போகிறீர்கள். அப்புறம் இன்னொன்று. அறிவிப்பை மறைத்துவிட்டால், நாளை அந்தப் போனை வாங்குபவருக்கு உண்மை தெரியாமல் போகும். இப்போது உங்கள் மேல் வந்திருக்கும் "ஏமாற்றினார்" என்ற குற்றச்சாட்டு பொய். அதைச் செய்தால் அது பொய்யாக இருக்காது.

வாரண்டி உண்மையிலேயே போய்விட்டதா?

சர்வீஸ் சென்டர்க்காரர் சொன்னதை நீங்களும் வாடிக்கையாளரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். வெளியே திறந்தாலே மொத்த வாரண்டியும் போய்விடும் என்பது பல இடங்களில் சட்டப்படி நிற்காது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமே, குறிப்பிட்ட பாகத்தையோ சர்வீஸையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலோ சிறப்பு அனுமதி வாங்கியிருந்தாலோ மட்டும் விலக்கு. "சீல் உடைந்தால் வாரண்டி ரத்து" என்ற ஸ்டிக்கர் போன்ற நிபந்தனைகளுக்காக 2018இல் 6 கம்பெனிகளுக்கு அங்குள்ள வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பாவில், கம்பெனி தன் விருப்பத்தில் தரும் வாரண்டி வேறு, விற்றவர் சட்டப்படி தரவேண்டிய குறைந்தது 2 வருட உத்தரவாதம் வேறு. முதலாவதில் போடும் நிபந்தனை இரண்டாவதைத் தொடாது.

அதே சமயம், நீங்கள் நினைப்பது போல "டிஸ்ப்ளேக்கும் சார்ஜுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லிவிடவும் முடியாது. திறந்து மூடிய போனில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒட்டுப் பட்டை பழையபடி உட்கார்ந்ததா? மாற்றினீர்களா? ஈரம் உள்ளே போய் சார்ஜிங் பகுதி கெட்டிருந்தால் கம்பெனி உங்களைக் கைகாட்டும். அது நியாயமாகவும் இருக்கலாம். எந்தச் சட்டத்திலும், வெளியார் செய்த வேலையால்தான் இந்தப் பழுது என்று கம்பெனி காட்டிவிட்டால் அந்தப் பழுதுக்கு வாரண்டி மறுக்கலாம்.

எனவே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்: சர்வீஸ் சென்டரில், எந்தப் பகுதி கெட்டிருக்கிறது, எதனால் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாரண்டி அவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். நீங்கள் கேட்டால் பதில் வராது. அந்தப் பதில் வரும் வரை, இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று மறுபடி போனைத் திறக்காதீர்கள். நல்ல மனதோடு திறந்தாலும், இருக்கிற ஆதாரத்தை நீங்களே கலைத்ததாகிவிடும்.

அவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

புதுப் போன் விலை? இல்லை. உங்கள் வேலையால்தான் சார்ஜிங் கெட்டது என்று நிரூபணமானால்கூட, அந்தப் பழுதைச் சரிசெய்யும் செலவுதான் தொடக்கம்.

டிஸ்ப்ளே விஷயத்தில் உங்கள் நிலை அவ்வளவு பலமாக இல்லை, மன்னியுங்கள். இது பயன்படுத்திய போனிலிருந்து கழற்றியது, அறிவிப்பு வரலாம், வெளிச்ச வசதி போகலாம் என்று வேலைக்கு முன்பே சொன்னீர்களா? "ஒரிஜினல்தான்" என்று சொன்னதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். "ஒரிஜினல்" என்று கேட்டவர் புதியது என்று நினைத்திருப்பார். நுகர்வோர் சட்டங்கள் பார்ப்பது பாகத்தின் தரத்தை மட்டுமில்லை, வாடிக்கையாளருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதையும்தான். கலிபோர்னியாவில் இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்: அங்கீகாரம் இல்லாத கடை அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், போடுவது பழைய பாகமா, வெளியார் பாகமா என்பதையும் சொல்ல வேண்டும்.

டிஸ்ப்ளே தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர முன்வாருங்கள் என்பது என் ஆலோசனை. வசதி ஒன்று போனதற்காக என்று காரணத்தையும், "இது சார்ஜிங் பழுதுக்கான பொறுப்பை ஏற்பதாகாது" என்ற ஒரு வரியையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். இணையத்தில் எழுதுவேன் என்கிறார் என்பதற்காகப் பயந்து முழுத் தொகையும் கொடுத்தால், அது ஒப்புதல் மாதிரி ஆகிவிடும்.

இனி வரும் வேலைகளுக்கு ஜாப் ஷீட்டில் (வேலை விவரத் தாளில்) இவை இருக்கட்டும்: போன் வந்தபோது இருந்த நிலை (புகைப்படத்தோடு), ஐ.எம்.இ.ஐ எண், பாகம் புதியதா, கழற்றியதா, காப்பியா, போகக்கூடிய வசதிகள், தண்ணீர்த் தடுப்பு உறுதி இல்லை என்ற குறிப்பு, உங்கள் வேலைக்கு நீங்கள் தரும் உத்தரவாத நாட்கள், வாடிக்கையாளர் கையெழுத்து. பாஸ்வேர்டை ஷீட்டில் எழுதி வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கடை போர்டு

"இன்ன கம்பெனி போன்கள் இங்கே பழுதுபார்க்கப்படும்" என்று எழுத்தில் போடலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 1999இல் பி.எம்.டபிள்யூ வழக்கில், தனி கராஜ்காரர் தான் அந்தக் கார்களைப் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர் என்று விளம்பரம் செய்ய அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்றது. கம்பெனியோடு வணிகத் தொடர்பு இருப்பதாகத் தோன்றக் கூடாது என்பது நிபந்தனை. லோகோவையே பெரிதாகப் போட்டால் அந்தத் தோற்றம்தான் வரும். எடுத்துவிடுங்கள். "கம்பெனி அங்கீகாரம் இல்லாத தனிக் கடை" என்று கீழே ஒரு வரி சேர்த்தால் நல்லது. வியாபாரம் குறையும் என்று யோசிக்காதீர்கள். உங்களிடம் வருபவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

பாகம் வரவழைப்பதிலும் இதே கவனம் வேண்டும். நார்வேயில் ஒரு சிறு கடைக்காரர் வரவழைத்த 63 பழுதுநீக்கிய டிஸ்ப்ளேக்களைச் சுங்கத் துறை 2017இல் பிடித்தது. உள்ளே இருந்த ஆப்பிள் சின்னம் மையால் மறைக்கப்பட்டிருந்தது. கீழ் நீதிமன்றத்தில் கடைக்காரர் ஜெயித்தார். 2020இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். சின்னம் அழிக்கக்கூடிய மையால்தான் மறைக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கே அவருக்கு எதிராக நின்றது.

வழக்குப் போடலாமா?

நீங்கள் தனியாக, இந்த ஒரு டிஸ்ப்ளேக்காக, கம்பெனி மேல்? வேண்டாம். பாகம் தரச் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் இருந்தாலும், முதலில் எழுத்தில் கேளுங்கள்: மாடல், பாகம், நீங்கள் யார், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள். மறுப்பு எழுத்தில் வந்தால் அதை மேற்பார்வை அதிகாரியிடமோ அரசின் தலைமை வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) அலுவலகத்திடமோ புகாராகக் கொடுங்கள். இந்த வகைச் சட்டங்களை அமல்படுத்தும் வேலை பெரும்பாலும் அவர்களுடையது. தொலைபேசியில் ஒருவர் "தரமாட்டோம்" என்று சொன்னதை எந்த அலுவலகமும் மறுப்பாக எடுத்துக்கொள்ளாது.

இந்தியாவில் இருந்தால், நுகர்வோர் ஆணையம் உங்களுக்கான கதவா என்பதில் சிக்கல் உண்டு. வியாபாரத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்கிறது சட்டம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவருக்கு விலக்கு இருந்தாலும், உங்களுக்குக் கம்பெனி எதையும் விற்கவே இல்லையே. வாரண்டி மறுப்புக்காக ஆணையத்துக்குப் போகக்கூடியவர் உங்கள் வாடிக்கையாளர். அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற உதவி எண்ணில் தொடங்கலாம். கடைக்காரர்களுக்கான வழி போட்டி ஆணையம். 2014இல் அந்த ஆணையம், உதிரி பாகங்களையும் கருவிகளையும் தனி கராஜ்களுக்குத் தராமல் அடைத்துவைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016இல் மேல்முறையீட்டில் தொகை குறைக்கப்பட்டது. அந்த வழக்கு தனிநபர் ஒருவர் கொடுத்த தகவலில் தொடங்கியது என்பதைக் கேட்டு உற்சாகப்பட வேண்டாம்; தகவல் கொடுத்ததற்கும் உத்தரவுக்கும் நடுவே மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சங்கமாகச் சேர்ந்து, பல கடைகளுக்கு வந்த எழுத்து மறுப்புகளோடு போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்த கடிதத்தில் நாட்டையும் (அமெரிக்கா என்றால் மாநிலத்தையும்), போன் மாடல் விற்பனைக்கு வந்த வருடத்தையும், வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுத்த பில்லின் நகலையும் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டரின் எழுத்துப் பதில் கைக்கு வந்த பிறகு அனுப்பினால் இன்னும் நல்லது. அதுவரை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். "சர்வீஸ் சென்டர் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், டிஸ்ப்ளே தொகை பற்றி நேரில் பேசுவோம்" என்ற ஒரு வரி போதும்.